வில்லியம் பக்லண்டும் கல்லாகிய எச்சமும்

எச்சம் என்னுஞ் சொல் நம் தமிழில் பல பொருள் குறித்து வழங்குகின்றது. பறவை முதலியன கழித்ததை எச்சம் என்கின்றோம். ஒருவர் இறந்தபின் உலகில் அவர் விட்டுச் செல்லும் மக்களையும் புகழையும் எச்சம் என்கின்றோம். தான் முற்றுப்பெறாது நின்று, தன் பொருள் நிரம்புதற்கு மற்றொரு சொல்லை அவாவி நிற்பதையும் இலக்கண நூலார் எச்சம் என்றே கூறுவர். எஞ்சி நிற்றல் என்பது இம்மூன்றற்கும் பொதுவாய கருத்து. இம்மூவகைப் பொருளும் ஒருங்கே பொருந்துமாறு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம். அவரே ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் நிலநூல் கற்பித்த வில்லியம் பக்லண்டு என்பார்.

பண்டைக் காலத்துப் பேருருவ விலங்குகளின் எலும்புகள் கல்லாகி மண்ணினுள்ளே கிடத்தலை நம்முள் அறியாதார் இலர். எலும்பு கல்லானது போலவே அவ்விலங்குகள் உண்டு கழித்த மலமும், உண்டபின் செரியாது வாய்வழியே கக்கிய உணவும் கல்லாகிக் கிடக்கின்றன என்பதைப் பலர் அறியார். அறிந்தவருட் பலர் முகஞ் சுளிப்பர். கழித்தது கல்லானதைக் கொப்ரோலைட் என்றும், கக்கியது கல்லானதை ரீகர்ஜிட்டலைட் என்றும் நிலநூலார் வழங்குவர். முன்னதனை எச்சக்கல் என்றும், பின்னதனைக் கக்கற்கல் என்றும் இக்கட்டுரையில் நாம் சொல்லிச் செல்வோம். முன்னைய பெயரை இட்டவர் பக்லண்டு. பின்னைய பெயரோ அவர் மறைந்து 136 ஆண்டுகள் கழிந்த பின்னரே தோன்றியது. ஒரு பெயர் இரண்டாவதற்கு இத்துணைக் காலம் சென்றது ஏன் என்பதை அவர்தம் வாழ்க்கையோடு சேர்த்துக் காண்போம்.

பக்லண்டு 1784-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாவட்டத்து ஆக்ஸ்மின்ஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு திருச்சபைக் குரு. இயற்கைப் பொருள்களில் விருப்பம் மிக்கவராகலின், அவர் தம் மைந்தனை உடன் அழைத்துக்கொண்டு கற்சுரங்கங்களிற் சுற்றுவார். ஆங்குள்ள பாறைகளிற் பதிந்து கிடந்த சுருட்சங்கு போன்ற உருவங்களைப் பொறுக்கி வைப்பது சிறுவனின் விளையாட்டாயிற்று. ஆக்ஸ்மின்ஸ்டருக்குச் சில மைல் தொலைவிலேயே லைம் ரீஜிஸ் என்னும் கடற்கரையூர் உளது. அலை மோதி இடியும் அவ்வூர்க் கரைப்பாறைகள் பழைய உயிர்களின் களஞ்சியம். பிற்காலத்தில் பக்லண்டின் பெயரை நிலைநிறுத்திய கற்கள் கிடந்ததும் அக்கரையிலேதான்.

டிவர்ட்டனிலும் வின்செஸ்டரிலும் பள்ளிக் கல்வி முடித்து, 1801-ஆம் ஆண்டில் உதவிச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியிற் சேர்ந்தார். பட்டம் பெற்று, அக்கல்லூரியின் உறுப்பினராகி, 1809-ஆம் ஆண்டிற் குருப்பட்டமும் ஏற்றார். நிலநூல் அக்காலத்தில் முறைப்படியான பாடமாக அமையவில்லை. ஆகவே பக்லண்டு குதிரை மீதேறி நாடெங்கும் அலைந்து, பாறை அடுக்குகளைக் கண்ணாற் கண்டே கற்றார். 1813-ஆம் ஆண்டிற் கனிப்பொருள் நூல் கற்பிக்கும் பதவியும், 1818-ஆம் ஆண்டில் நிலநூல் கற்பிக்கும் பதவியும் அவருக்குக் கிட்டின. அவருடைய வகுப்பிற் கேட்போர் உறங்குதல் அரிது. விலங்கின் தாடையெலும்பைக் கையிற் பிடித்துக்கொண்டு மேடைக்குங் கீழுமாக நடந்து, அவ்விலங்கு நடந்தவாறே தாமும் நடந்து காட்டி விளக்குவார். இதனைக் கண்டு நகைத்தாரும் உளர். நகைத்தாரும் பாடத்தை மறந்திலர்.

1821-ஆம் ஆண்டிற் யார்க்ஷயர் மாவட்டத்துக் கிர்க்டேல் என்னுமிடத்திற் கல்லுடைப்போர் ஒரு குகையைத் திறந்தனர். உள்ளே எலும்புகள் மிகுதியாகக் கிடந்தன. நோயால் இறந்த மாடுகளின் எலும்பென்று கருதி, அவற்றைச் சாலைப் பள்ளத்திற் கொட்டிவிட்டனர். அவ்வழிச் சென்ற அறிஞர் ஒருவர் கண்ணிற் பட்டதால் அவை தப்பின. யானை, காண்டாமிருகம், நீர்யானை, மான், கழுதைப்புலி முதலியவற்றின் எலும்புகள் அவற்றுள் இருந்தன. வெப்பநாட்டு விலங்குகளின் எலும்பு குளிர்நாட்டுக் குகைக்கு வந்தது எப்படி? பெருவெள்ளம் அடித்துக் கொணர்ந்தது என்பதே அக்காலத்தில் எளிதாகக் கிடைத்த விடை. பக்லண்டு அவ்வாண்டு இறுதியில் ஆங்குச் சென்று, அக்குகையினுள் தவழ்ந்து நுழைந்தார். குகையின் வாயிலோ மிகச் சிறியது. யானையின் உடல் முழுமையாக அதனுள் நுழைதல் இயலாது. எலும்புகளோ கடித்து நொறுக்கப்பட்டிருந்தன. இவற்றோடு வெண்மையான சிற்றுருண்டைகளும் கிடந்தன. பிறர் காலால் ஒதுக்கியிருக்கக்கூடிய அவ்வுருண்டைகளையே பக்லண்டு கையில் எடுத்தார்.

அவற்றை அவர் இருவரிடம் காட்டினார். ஒருவர் வாலஸ்டன் என்னும் புகழ்பெற்ற இரசாயன நூலார். மற்றவர் இலண்டன் மாநகரத்து விலங்குக் காட்சிச்சாலையில் விலங்குகட்கு இரை வைக்கும் பணியாளர். இரசாயன நூலார் அவ்வுருண்டைகளின் கூறுகள் எலும்பு தின்னும் விலங்கின் மலத்துக்கு ஒத்தனவென்று ஆராய்ந்து கூறினார். பணியாளரோ பார்த்தவுடனேயே, தாம் நாடோறுங் கூட்டிலிருந்து வாரும் புள்ளிக் கழுதைப்புலியின் மலத்தைப் போன்றது இது என்றார். பக்லண்டு இருவர் சான்றையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டார். பின்னர் ஊர் ஊராகச் செல்லும் விலங்குக் காட்சியொன்று ஆக்ஸ்போர்டுக்கு வந்தபொழுது, அதிலிருந்த கழுதைப்புலிக்கு மாட்டுக் காலெலும்பை இடச்செய்து, அது கடித்து மிச்சம் வைத்த துண்டுகளைக் குகையிற் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டார். பல்லின் வடுவும், விடுபட்ட பகுதியும் இரண்டிலும் ஒத்திருந்தன. ஆகவே கிர்க்டேல் குகை கழுதைப்புலிகள் வாழ்ந்த வளையென்றும், அவ்விலங்குகள் யாவும் அந்நாட்டிலேயே ஒருகாலத்து வாழ்ந்தனவென்றும் முடிவு செய்தார். இவ்வாராய்ச்சிக்காக 1822-ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தார் தம் உயர்ந்த பரிசாகிய காப்லி பதக்கத்தை அவருக்கு அளித்தனர்.

1824-ஆம் ஆண்டில் மெகலோசாரஸ் என்னும் பெரும் பல்லியை விவரித்து அவர் கட்டுரை வெளியிட்டார். டைனோசார் என்னும் பெயரே தோன்றாத அக்காலத்தில், அவ்வினத்துள் முதன்முதல் நூன்முறைப்படி பெயர் பெற்றது அதுவே. மறு ஆண்டில் அவர் மேரி மார்லண்டு என்னும் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையார் புதைபடிவங்களைச் சேகரிப்பதிலும், அவற்றை நுணுக்கமாகச் சித்திரித்தலிலும் வல்லவர். கணவர்தம் நூல்களுக்குக் கண்ணுங் கையுமாக விளங்கியவர். பாறையிற் பதிந்த அடிச்சுவடு எவ்விலங்கினது என்னும் ஐயம் நள்ளிரவில் எழவே, பக்லண்டு மனைவியாரை எழுப்பி மாவு பிசையச் செய்து, அதன்மீது வீட்டு ஆமையை நடத்திப் பார்த்தார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. உயிரினங்கள் ஒவ்வொன்றன் சுவையையும் அறிய விரும்பி, கிட்டிய விலங்கையெல்லாம் சமைத்து உண்டு பார்த்தார் என்றும், மண்ணைத் துளைத்து வாழும் மோல் என்னும் சிற்றுயிரும் நீல ஈயுமே சகிக்க முடியாதனவாக இருந்தன என்று கண்டார் என்றும் கூறுவர். எது எதனை உண்டது, உண்டது என்னவாயிற்று என்னும் வினா அவர்தம் சாப்பாட்டு மேசை வரைக்கும் அவரைத் தொடர்ந்தது போலும்!

இனி, லைம் ரீஜிஸ் கடற்கரைக்குச் செல்வோம். ஆங்கு மேரி ஆனிங் என்னும் அம்மையார் 1799-ஆம் ஆண்டில் ஒரு மரத்தச்சருக்கு மகளாகப் பிறந்தார். தந்தையார் 1810-ஆம் ஆண்டில் இறக்கவே, குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. கரைப்பாறையிற் கிடைக்கும் புதைபடிவங்களை எடுத்துத் துப்புரவு செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டே அவர் வாழ்ந்தார். மழைக்காலத்துப் பாறை சரிந்து விழும். விழுந்ததை அலை அடித்துச் செல்லுமுன் தேடி எடுத்தல் வேண்டும். உயிருக்கு அஞ்சுவார் செய்யும் தொழில் அன்று அது. பன்னிரண்டு வயதளவிலேயே தமையனாரோடு இக்தியோசார் என்னும் மீனுருவக் கடற்பல்லியின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர் இவர். கல்லூரி காணாதவராயினும், எலும்பின் அமைப்பை அறிதலில் இவர்க்கு நிகரானவர் சிலரே.

அக்கடற்கரையிற் சாம்பல் நிறமான நீண்டுருண்ட கற்கள் பலவாகக் கிடைத்தன. சிலவற்றின்மேல் திருகு போன்ற வரிகள் இருந்தன. பெசோவர்க் கற்கள் என்று அவற்றை அழைத்தனர். ஆட்டின் வயிற்றில் விளையும் கற்களுக்கு மேனாட்டார் இட்ட பெயர் அது. நம் நாட்டு வைத்தியர் மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுக்கும் கோரோசனையும் அதனை ஒத்ததொரு கல்லே. வடிவ ஒற்றுமை பற்றி வந்த பெயரேயன்றி, அக்கற்களின் தோற்றத்தை அறிந்து இட்ட பெயர் அன்று. மேரி ஆனிங் அம்மையாரோ அக்கற்கள் இக்தியோசார் எலும்புக்கூட்டின் வயிற்றுப் பகுதியிற் காணப்படுதலை உற்று நோக்கினார். அவற்றை உடைத்துப் பார்த்தபொழுது உள்ளே மீனின் எலும்பும் செதிளும், சிலவற்றுட் சிறிய இக்தியோசாரின் எலும்பும் இருக்கக் கண்டார்.

இக்காட்சியே பக்லண்டுக்குக் கிர்க்டேல் குகையின் வெண்ணுருண்டைகளை நினைவூட்டியது. கற்களைப் பிரௌட் என்னும் இரசாயன நூலாரிடம் கொடுத்து ஆராய்வித்தார். எலும்பிலுள்ள சுண்ணாம்புப் பாஸ்பேட்டு அவற்றில் மிகுந்திருந்தது. திருகு வரிகளின் காரணத்தை அறிய, சுறா இனத்து மீன்களின் குடலைப் பெற்று, அதனுட் காரைக் குழம்பைச் செலுத்தி இறுகச் செய்து பார்த்தார். இறுகிய வார்ப்பின்மேல் அதே போன்ற திருகு வரி படிந்தது. 1829-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இலண்டன் நிலநூற் சங்கத்தில் இச்செய்திகளை வெளியிட்டு, அக்கற்களுக்குக் கொப்ரோலைட் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியிற் கொப்ரோஸ் என்பது சாணத்தையும், லிதோஸ் என்பது கல்லையும் குறிக்கும்.

அவர் கூறிய யாவும் இன்றைக்கும் அவ்வாறே நிற்கின்றன என்று சொல்வதற்கில்லை. திருகு வரியுடைய கற்களை அவர் இக்தியோசாருக்கு உரியனவாகக் கொண்டார். குடலில் திருகு மடிப்புடைய சுறாக்களும் பிற பழைய மீன்களுமே அவற்றை விட்டுச் சென்றன என்பது இக்காலத்தார் துணிபு. அவர் சோதனை வழிகாட்டிய திசையும் அதுவே. ஆயினும் அவர் திறந்த வாயிலின் பெருமை குறைவதன்று. எலும்புக்கூடு ஒரு விலங்கு எவ்வுருவத்தோடு இருந்தது என்பதைக் கூறும். எச்சக்கல் அவ்விலங்கு நேற்று என்ன உண்டது என்பதைக் கூறும். மீன் சிறியதை விழுங்க, பெரும் பல்லி மீனை விழுங்க, தன் இனத்துச் சிறியதையும் அது விழுங்கியது என்னும் வாழ்க்கைப் போர் முழுவதும் அக்கற்களில் எழுதப்பட்டிருந்தது. 1830-ஆம் ஆண்டில் ஹென்றி டி லா பீச் என்னும் நிலநூலார் அப்பழங்கடலின் காட்சியை ஓவியமாகத் தீட்டினார். ஒன்றையொன்று கடிக்கும் விலங்குகளோடு அவற்றின் எச்சம் நீரில் வீழ்தலையும் அவர் மறவாது வரைந்தார். அவ்வோவியத்தின் அச்சுப்படிகளை விற்ற பணம் மேரி ஆனிங் அம்மையாருக்கு உதவியாக அளிக்கப்பெற்றது.

ஈண்டு ஒன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. எலும்புக்கூட்டின் வயிற்றிற் கற்களை முதலிற் கண்டு உடைத்துப் பார்த்த கை மேரி ஆனிங் அம்மையாருடையது. பெயரிட்ட நா பக்லண்டினுடையது. நூல்களில் நின்றது பின்னவர் பெயரே. நிலநூற் சங்கம் அந்நாளிற் பெண்டிரை உறுப்பினராக ஏற்றதில்லை. 1919-ஆம் ஆண்டில்தான் அக்கதவு திறந்தது. எனினும் பக்லண்டு அவ்வம்மையாரைப் புறக்கணித்தவர் அல்லர். அவருடன் கடற்கரையில் அலைந்து தேடினார். 1835-ஆம் ஆண்டையொட்டி அம்மையார் தம் சேமிப்பை இழந்து வருந்தியபொழுது, அறிஞர் கழகத்தாரையும் அரசாங்கத்தாரையும் தூண்டி, ஆண்டுக்கு 25 பவுன் உதவித் தொகை கிடைக்கச் செய்தார். நன்றியறிவு இருந்தது, ஆயினும் பெயரளவிற் பங்கு கிடைக்கவில்லை. அம்மையார் 1847-ஆம் ஆண்டில் இறந்தார். லைம் ரீஜிஸில் அவருக்கு உருவச்சிலை எழுந்தது 2022-ஆம் ஆண்டில்தான். ஒருவர் உழைப்பை மற்றொருவர் பெயர் மூடிவிடுதல் கல்வியுலகில் எக்காலத்தும் நிகழக் கூடியதாகலின், மாணவராகிய நாம் இதனை மனத்திற் பதித்தல் நலம்.

பெயர் என்பது ஊருக்குள் நுழைந்தபின் இட்டவர் கைக்கு அடங்குவதில்லை. 1842-ஆம் ஆண்டில் லாஸ் என்பார் பாஸ்பேட்டுக் கல்லைக் கந்தகத் திராவகத்தாற் கரைத்து உரமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தையொட்டி ஹென்ஸ்லோ என்னும் பேராசிரியர் சபோக் மாவட்டத்துக் கடற்கரையிற் பாஸ்பேட்டு நிறைந்த கட்டிகளைக் கண்டு, அவை உரத்துக்கு உதவும் என்று எடுத்துக் காட்டினார். அக்கட்டிகளையும் மக்கள் கொப்ரோலைட் என்றே அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் சபோக்கிலும் கேம்பிரிட்ஜ் சுற்றுப்புறத்திலும் வயல்கள் அகழப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் அவ்வேலையிற் பிழைத்தனர். இப்ஸ்விச் நகரத் தெருவொன்று இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. உண்மையை நோக்கின், அக்கட்டிகளுட் பெரும்பாலன எச்சமே அல்ல. கடலடியில் வேறுவகையால் இறுகிய பாஸ்பேட்டுத் திரள்களே. ஆராய்ச்சியாளர் ஒரு பொருளுக்கு இட்ட பெயர் வணிகர் நாவிற் பல பொருளுக்கும் பொதுப்பெயராய் விரிந்துவிட்டது.

நிலநூலார் இடையிலும் வேறொரு குழப்பம் நேர்ந்தது. உண்ட உணவின் மிச்சம் கல்லாகிக் கிடைத்தால், அது எவ்வழியாக வெளிப்பட்டது என்று ஆராயாமலே எச்சக்கல் என்று எழுதிவிடும் வழக்கம் பரவியது. ஆனால் எல்லாம் ஒருவழியே செல்வதில்லை. நம் ஊர்ப் பாழ்மண்டபத்திலும் பனந்தோப்பிலும் ஆந்தை தங்குமிடத்தின் கீழே, மயிரும் எலும்பும் திரண்ட உருண்டைகள் கிடத்தலை நாம் கண்டிருக்கின்றோம். எலியை முழுதாக விழுங்கிய ஆந்தை, தசையைச் செரித்துக்கொண்டு, செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாய்வழியே கக்கிவிடுகின்றது. அது எச்சமும் அன்று, நோயால் வந்த வாந்தியும் அன்று. அப்பறவையின் நாடோறுங் கடன். அவ்வுருண்டையை அவிழ்த்தால் எலியின் மண்டையோடு ஏறக்குறைய முழுதாகவே கிடைக்கும். பண்டை விலங்குகளுள்ளும் இவ்வாறு கக்கியன பல. அங்ஙனம் கக்கியது கல்லானால் அதற்குத் தனிப்பெயர் வேண்டாவா?

இக்குறையை நீக்கியவர் ஏட்ரியன் ஹன்ட் என்னும் ஆராய்ச்சியாளர். 1992-ஆம் ஆண்டில் அவர் கக்கியது கல்லானதற்கு ரீகர்ஜிட்டலைட் என்று பெயரிட்டார். வாயினுட் புகுந்த உணவு எவ்வழியாக வெளிப்பட்டுக் கல்லானாலும், அல்லது வெளிப்படாமல் உடலுக்குள்ளேயே கல்லானாலும், அவை அனைத்துக்கும் பொதுவாகப் புரோமலைட் என்னும் பெயரையும் அமைத்தார். கிரேக்கத்திற் புரோமா என்பது உணவு. ஆகவே இக்காலத்து வழக்கிற் புரோமலைட் என்பது குடும்பப் பெயர். எச்சக்கல்லும் கக்கற்கல்லும் அக்குடும்பத்து உடன்பிறந்தார்.

இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? குடல் முழுவதும் கடந்து வந்த எச்சக்கல்லில் எலும்பு நன்கு கரைந்து நொறுங்கியிருக்கும். துண்டுகளைச் சூழ்ந்து பாஸ்பேட்டு மிகுந்த பசை போன்ற பொருள் இறுகியிருக்கும். புறவடிவம் நீண்டு உருண்டிருக்கும். கக்கற்கல்லிலோ அப்பசைப் பொருள் அரிது. செரியாத ஓடும் எலும்பும் முள்ளும் ஒருங்கே குவிந்து, தாறுமாறாகக் கிடக்கும். அவற்றின்மேல் இரைப்பைத் திராவகம் அரித்த வடு மட்டும் காணப்படும். ஆயினும் ஐயத்துக்கு இடமானவை பல. நீரோட்டம் ஒருங்கு சேர்த்த குப்பையும், புதைந்தபின் சிதைந்த உடலும் கக்கற்கல் போலத் தோன்றி ஏமாற்றுதல் உண்டு. ஆதலின் அப்பெயரை வழங்குவோர் பல சான்றுகளை ஒத்துப் பார்த்தே வழங்கல் வேண்டும்.

2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரத்தருகே ஒரு களிமண் அகழ்விடத்திற் கிடைத்த பெலம்னைட் ஓடுகளைப் பற்றிய செய்தி வெளிவந்தது. கணவாய் இனத்தைச் சார்ந்த பெலம்னைட்டுக்குத் துப்பாக்கிக் குண்டு போன்ற கடினமான உள்ளோடு உண்டு. சுமார் 16 கோடி ஆண்டுக்கு முற்பட்ட அவ்வோடுகள் திரளாகக் கிடந்தன. அவற்றின்மேல் திராவகம் அரித்த அடையாளம் இருந்தது. இக்தியோசார் அவற்றை உண்டு, குடலைக் கிழிக்கக்கூடிய ஓடுகளைக் கக்கியிருத்தல் வேண்டும் என்று ஆராய்ந்தோர் முடிவு செய்தனர். இக்காலத்துத் திமிங்கிலம் கணவாயின் அலகைக் கக்குதலை அதற்கு ஒப்பாகக் காட்டினர். 2025-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஸ்டெவன்ஸ் கடற்பாறையில், ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுக்கு முன் ஒரு மீன் கக்கிய கடல் அல்லித் துண்டுகள் சுண்ணப்பாறையிற் கிடைத்த செய்தி வெளியாயிற்று. நம் பாரதத்திலும் இவ்வகைச் செல்வம் இல்லாமற் போகவில்லை. மகாராட்டிர மாநிலத்துப் பிஸ்துராவிற் கிடைத்த எச்சக்கற்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தோர், டைனோசார்கள் வாழ்ந்த காலத்திலேயே புல்லினம் தோன்றிவிட்டது என்பதை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

பக்லண்டின் வரலாற்றுக்கு மீள்வோம். கிர்க்டேல் குகையின் எலும்புகளை மூடியிருந்த சேற்றை, வேதத்திற் கூறிய பெருவெள்ளத்தின் அடையாளமென்று 1823-ஆம் ஆண்டிற் பெருநூல் ஒன்றில் அவர் எழுதியிருந்தார். அந்நூலாற் பெரும்புகழும் பெற்றார். ஆனால் சான்றுகள் அக்கருத்துக்கு மாறாகத் திரண்டபொழுது, அவர் தம் புகழைக் காத்தற்பொருட்டு அவற்றை மறைக்கவில்லை. 1836-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு நூலில் அம்முடிவைக் கைவிட்டார். பின்னர்ச் சுவிட்சர்லாந்து நாட்டு அகாசி என்பார் பழங்காலத்துப் பனிப்பாறைகள் பெருநிலப் பரப்பை மூடியிருந்தன என்று கூறியபொழுது, முதலில் ஐயுற்ற பக்லண்டு, 1840-ஆம் ஆண்டில் அவரோடு ஸ்காட்லாந்து மலைகளிற் சுற்றி அதற்குரிய அடையாளங்களைத் தேடினார். தாம் முன்னர் வெள்ளத்துக்கு உரியதாகக் கொண்ட பலவும் பனிப்பாறையின் வேலை என்று ஒப்புக்கொண்டார். குருவாகவும் ஆசிரியராகவும் விளங்கிய ஒருவர், தாம் எழுதிய நூலைத் தாமே மறுத்தல் எளிதன்று. முன்பு அவரைப் போற்றியவரே பின்னர்க் கடிந்தனர். ஆராய்ச்சியைப் பெருமைக்கு அடிமையாக்காத அவ்வுள்ளமே, நம் கருத்தில், அவர் கண்டெடுத்த எல்லாக் கற்களினும் அரியது.

1845-ஆம் ஆண்டில் அவர் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பெருங்கோயிலின் தலைமைக் குருவானார். பதவி உயர்ந்த பின்னரும் பழைய கற்களின்மேற் கொண்ட அன்பு குன்றவில்லை. எச்சக்கற்களை அறுத்து மெருகிட்டுப் பதித்த மேசையொன்று அவர் வீட்டில் இருந்தது. அப்பலகை இப்பொழுது லைம் ரீஜிஸ் பொருட்காட்சிச் சாலையில் உளது. அதன் பளபளப்பை வியந்து தடவிப் பார்த்த விருந்தினர், அஃது இன்னதென்று அறிந்தபின் கையை வெடுக்கென எடுத்திருப்பர் என்று நாம் கருதிச் சிரிக்கலாம். 1850-ஆம் ஆண்டையொட்டி அவரைக் கொடிய நோய் பற்றியது. கூர்மை மிக்க அவ்வறிவு மங்கியது. அந்நிலையிற் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 72-ஆம் வயதில் இறந்தார். ஐஸ்லிப் என்னும் சிற்றூரில் அவருக்கெனக் குறித்த இடத்திற் குழி தோண்டியபொழுது, மண்ணின் கீழேயே கடினமான சுண்ணப்பாறை எதிர்ப்பட்டது. வெடிமருந்து வைத்துத் தகர்த்தே குழியைத் தோண்ட வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாம் பாறையை உடைத்தவருக்கு இறுதியிலும் பாறை தன் மதிப்பைச் செலுத்திற்று எனலாம்.

எச்சம் என்னுஞ் சொல்லின் மூன்று பொருளையும் தொடக்கத்திற் கூறினோம். எவரும் தொட அருவருத்த விலங்கின் எச்சத்தைத் தொட்டு ஆராய்ந்து, அது பேசுமாறு செய்தார் பக்லண்டு. அவ்வாராய்ச்சியே அவர் உலகிற்கு விட்டுச் சென்ற எச்சமாக நிற்கின்றது. மூன்றாவது பொருளும் அவருக்கு இழுக்காவதன்று. அவர் இட்ட பெயர் முற்றுப்பெறாத சொல்லாக நின்றது. கழித்ததும் கக்கியதும் வேறென்று பிரித்துக் காட்ட, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டுப் பிறந்தவர் ஒருவர் வர வேண்டியதாயிற்று. அவர்க்கு முன்னே கல்லை உடைத்துப் பார்த்த ஓர் ஏழைப் பெண்ணின் பெயரும் அச்சொல்லினுள் அடங்கிக் கிடந்து, நெடுங்காலங் கழித்தே வெளிப்பட்டது. கல்வி என்பதே ஒருவகை எச்சம். முன்னோர் விட்ட இடத்திலிருந்து பின்னோர் தொடர்ந்து முடித்தல் வேண்டும். நம் காலடியிற் கிடக்கும் பொருளை இழிந்ததென்று தள்ளாது குனிந்து நோக்குவோமாயின், நாமும் அவ்வாக்கியத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தவராவோம்.